சார்ஜென்ட்டின் தொண்டை

டப்பிங் என்பது, முன்பின் தெரியாத ஒருவர் வாயசைக்கும்போது அந்த இடுக்கில் நம் குரலைச் செருகிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்துவிடும் தொழில்.

'வாயை மூடு' என்பதை வீட்டில் ஒரு தடவை, வகுப்பில் ஒரு தடவை, பள்ளி பஸ்ஸில் ஒரு தடவை என்று தினமும் மூன்று வேளை கேட்டு வளர்ந்தவர்களே, இது உங்களுக்காக. என் பெயர் ஷெரின். வயது பதினாறு. அபுதாபியில் முசஃபா ஷாபியாவில் இருக்கிறோம். யார் பேசினாலும் பத்து நிமிடத்தில் அந்தக் குரல் என் தொண்டைக்கு இடம் மாறி வந்துவிடும். போன ஆகஸ்டில் இந்த வியாதிக்கு ஒரு வேலை கிடைத்தது: ஐம்பது வருடத்துக்கு முந்தின ஓர் இங்கிலீஷ் போலீஸ் தொடரில், ஒரே ஒரு எபிசோடுக்குத் தமிழில் குரல் கொடுப்பது.

காய்ச்சல் லீவு

அம்மா ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டாள். ஜூன் மாதம் ஒரு நாள், கணக்குப் பரீட்சைக்குப் பயந்து, பள்ளி பஸ்ஸில் வரும் ஆயாம்மாவுக்கு அம்மா குரலில் போன் போட்டேன். ஷெரினுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வரமாட்டாள் என்று சொன்னேன். அதோடு வைத்திருக்கலாம். ஆனால் குரல் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது, விட மனசு வரவில்லை. உங்களுக்குப் பிரஷர் எப்படி இருக்கு என்று விசாரித்தேன். கருவாட்டைக் குறையுங்க என்று அம்மா சொல்கிற மாதிரியே சொன்னேன்.

பத்து நாள் கழித்து அந்த ஆயாம்மா அம்மாவுக்கே போன் போட்டு, கருவாட்டைக் குறைத்ததும் பிரஷர் இறங்கிவிட்டது என்று நன்றி சொன்னார். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் விசாரணை எதுவும் நடக்கவில்லை, தீர்ப்பு மட்டும்தான். எங்கள் கடற்கரை ஊர்க்காரரும், முசஃபாவில் ஒரு கராஜில் வண்டிகளுக்கு ஏசி பார்ப்பவருமான கிறிஸ்துதாஸ் அண்ணன் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடம் அம்மா சொன்னது: "தாசு, இவளுக்க வாய எங்கயாவது வேலைக்குச் சேத்துவுடு. வீட்டுல வச்சா எனக்க வேல போயிரும்."

மீசை என்னும் வரம்

கிறிஸ்து அண்ணனுக்கு ஓய்வு நேரத்தில் இன்னொரு வேலை இருந்தது. முசஃபாவில் கார் சீட் கவர் தைக்கும் கடை ஒன்றின் மேல்தட்டில், காயல்பட்டினத்துக்காரர் செய்யது காக்கா (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருந்தார். சுவர் முழுக்க சீட்டுக்குள் வைக்கிற பஞ்சு மெத்தை. கண்ணாடி ஜன்னலுக்குப் போர்வை. உள்ளே ஒரு மைக், ஒரு ஸ்டூல், வியர்வை. வெளியே காக்காவின் கம்ப்யூட்டரும் காக்காவும்.

எபிசோடின் கதை சின்னதுதான். எப்போதும் மழை பெய்கிற ஒரு கடலோர ஊர். மீன் வியாபாரியின் லாரி காணாமல் போகிறது. கிழட்டு சார்ஜென்ட் ஒருவரும், சைக்கிளில் வருகிற இளம் கான்ஸ்டபிள் ஒருவரும் தேடுகிறார்கள். நடுநடுவே எல்லாரும் டீ குடிக்கிறார்கள். கடைசியில் லாரியை ஒளித்து வைத்தது வியாபாரியே என்று தெரிகிறது. அவர் சார்ஜென்ட்டின் பால்ய நண்பர்.

சார்ஜென்ட்டுக்குப் பெரிய மீசை. மேல் உதடும் தெரியாது, கீழ் உதடும் பாதிதான் தெரியும். அந்த மீசைக்குள் எந்த மொழியை வைத்தாலும் இருக்கும். அந்த வேஷம் கிறிஸ்து அண்ணனுக்கு. கான்ஸ்டபிளும் வியாபாரியும் காக்காவே. எனக்குக் கிடைத்தது டீக்கடை அம்மாள், மழலை பேசும் ஒரு பையன், ஒரு நாய், கூரைமேல் உட்கார்ந்து கத்தும் கடல் பறவை, அப்புறம் கூட்டம். ஏன் எனக்கு மீசை வைத்த ஆள் இல்லை என்று கேட்டேன். காக்கா ஹெட்ஃபோனைக் கழற்றாமலே சொன்னார்: "யம்மா, மொதல்ல நாய ஒழுங்கா கொரை. மீச தானா மொளைக்கும்."

ஒன்று முதல் நான்கு வரை

உலகத்தில் எந்த ஸ்டூடியோவுக்கும் இப்படி ஒரு நேரம் இருக்காது. முசஃபாவில் காலை ஏழு மணிக்கே தகரம் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்துக் கடையில் கம்ப்ரெஸர், எதிரே வெல்டிங், கீழே தையல் மெஷின். மத்தியானம் ஒரு மணிக்கு எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போகும். நான்கு மணிக்கு மறுபடி ஆரம்பம். அந்த மூன்று மணி நேரம்தான் எங்களுக்கு. ஆகஸ்ட் மாதம், உச்சி வெயில், மேல்தட்டு, மைக்கில் இரைச்சல் கேட்கும் என்பதால் ஏசி கிடையாது. மழைக்காட்சியில் சார்ஜென்ட் 'என்ன குளிர்' என்று நடுங்க வேண்டும். கிறிஸ்து அண்ணன் பனியனைப் பிழிந்துவிட்டு வந்து நடுங்குவார்.

அந்த மூன்று மணி நேரம் அவர் தூங்க வேண்டிய நேரம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. காரணமும் அப்போதுதான் தெரிந்தது. கராஜில் ஆள் குறைக்கிறார்கள். மாதக் கடைசியோடு அண்ணனின் விசா கேன்சல். இந்த ஒரு எபிசோட் வெறும் மாதிரிதான். தோஹாவில் இருக்கிற ஒரு சேனலுக்கு வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் முழுத் தொடரும் காக்காவுக்கு வரும். வந்தால் அண்ணனைத் தன் விசாவில் எடுத்து ஸ்டூடியோ ஆளாகவே வைத்துக்கொள்வதாகக் காக்கா சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் காக்கா மைக்கைக் கழற்றுவார், அண்ணன் ஊருக்கு டிக்கெட் எடுப்பார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது பெப்ஸி டப்பாவைக் கழுத்தில் வைத்துக் குளிர்வித்துக்கொண்டே: "ஏசி மெக்கானிக்கு பிள்ளே நான். இருவது வருசமா ஊருக்கெல்லாம் குளுர வச்சேன். இப்பம் ஏசி இல்லாத ரூம்புலதான் எனக்க பொழப்பு கெடக்குவு."

முந்தாநாள் மீன்

ஒரு காட்சியில் மீன் வியாபாரி கூடையைத் திறந்து காட்டுவார். சார்ஜென்ட் குனிந்து பார்த்து, 'இன்னைக்குக் காலையில பிடிச்ச மீன்தான்' என்று சொல்ல வேண்டும். லாரி காலையில்தான் காணாமல் போனது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கிறிஸ்து அண்ணன் மைக் முன்னால் நின்றார், திரையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார். காக்கா மறுபடி ஓட்டினார். மறுபடி மூடினார். மூன்றாவது தடவை தெளிவாக, மீசைக்கு அச்சாகப் பொருந்தும்படி, 'இது முந்தாநாள் மீன்' என்றார்.

காக்கா உள்ளே ஓடி வந்தார். அப்படிச் சொன்னால் கதையே கவிழ்ந்துவிடும், லாரி இரண்டு நாளுக்கு முன்னால் போனதாக ஆகிவிடும் என்று மன்றாடினார். அண்ணன் திரையில் விரலை வைத்துக் காட்டினார். மீனின் கண் குழிந்து வெளுத்திருந்தது, செவுள் காப்பிப்பொடி நிறம். எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைகூட அதை வாங்காது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நானும் சொன்னேன். காக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். கடைசியில், சார்ஜென்ட் மீனைப் பார்க்காமல் வியாபாரியின் முகத்தைப் பார்க்கிற ஓர் இடத்துக்கு வசனத்தை இரண்டு நொடி தள்ளி வைத்தோம். அண்ணன் அதற்குச் சம்மதித்தார், ஆனால் மைக்கை விட்டு நகர்ந்ததும் சொல்லாமல் விடவில்லை: "அந்த சார்ஜெண்டுக்கு மீனப் பத்தி ஒரு எளவும் தெரியாது காக்கா. கடப்புறத்துல போலீசா இருந்து என்ன பிரயோசனம்?"

கான் பாயின் கதவு

பழைய தொடர்களில் ஒரு தொல்லை உண்டு. பேச்சும் மற்ற சத்தங்களும் ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடக்கும். இங்கிலீஷ் பேச்சை எடுத்தால் கதவுச் சத்தம், காலடி, மழை, டீ கோப்பை எல்லாம் சேர்ந்து போய்விடும். எல்லாவற்றையும் நாங்கள் திரும்பச் செய்ய வேண்டும். மழைக்கு அரிசியைத் தட்டில் கொட்டினோம். காலடிக்கு அண்ணனின் சேஃப்டி ஷூ. பழைய கார் ஸ்டார்ட் ஆகாமல் இருமும் சத்தத்தை நான் வாயாலேயே செய்தேன். அதை இன்றைக்கும் கேட்டுப் பார்க்கலாம், எனக்கு அதில் பெரிய பெருமை.

போலீஸ் கார் கதவு மட்டும் வாயில் வரவில்லை. கீழே சீட் கவர் கடைக்காரர் கான் பாயின் பிக்கப் நினைவுக்கு வந்தது. பெஷாவர்க்காரர், பிக்கப்புக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, மைக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, கதவை இருபது தடவை திறந்து மூடச் சொன்னோம். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. முடிந்ததும் மேலே வந்து திரையில் அந்த போலீஸ் கார் கதவு தன் கதவுச் சத்தத்தோடு மூடுவதைப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் தாடியைத் தடவிக்கொண்டு உருதுவில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "என் வண்டியை ரோட்டுல தினம் போலீஸ் நிறுத்தும். இன்னைக்குத்தான் என் வண்டி போலீசாச்சு."

இன்னும் ஒரு டேக்

இது நான் சொல்லாமல் தாண்டிப்போக நினைத்த சம்பவம். திங்கட்கிழமை, நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். கடற்கரையில் காற்றுக்கு மேலே குரலெடுத்து சார்ஜென்ட் கத்துகிற காட்சி: 'நில்லு, லாரியை விட்டு இறங்கு'. ஒரு டேக் ஆனது, நன்றாகவே வந்தது. அசர் பாங்கு கேட்டது. காக்கா தொழுகைக்கு இறங்கினார், போகும்போது அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஜன்னலில் போர்வை. உள்ளே அண்ணன் ஹெட்ஃபோனோடு காத்திருக்கிறார். வெளியே, உள்ளே இருப்பவரோடு பேசுவதற்கான பட்டன் என் முன்னால், அதில் என் விரல்.

காக்காவின் குரலில் சொன்னேன்: 'கிறிஸ்து, நல்லா ஈக்கிது. ஆனா இன்னும் கோவம் பத்தல. இன்னும் ஒரு டேக்.' அண்ணன் கத்தினார். 'வயித்துல இருந்து வரணும். இன்னும் ஒண்ணு.' கத்தினார். கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டேயிருந்தது, நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் ஒரு தடவையாவது சலித்துக்கொள்வார், திட்டுவார், அப்போது என் குரலில் 'வணக்கம் அண்ணே' என்று சொல்லலாம் என்பது திட்டம். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. விசா தருகிற மனுஷன் கேட்கிறார் என்று கேட்கக் கேட்கக் கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் கணக்கு அப்போது புரியவில்லை, சிரிப்பு மட்டும் எங்கேயோ நின்றுபோனது. காக்கா திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பன்னிரண்டாவது முடிந்திருந்தது. அண்ணன் வெளியே வந்தார், முகமெல்லாம் சிவந்து, குரலில் உப்புத்தாள் தேய்கிற சத்தம்: "காக்கா, இப்பம் சரியா வந்துச்சா? இல்லேன்னா இன்னொண்ணு எடுப்போம், எனக்கு ஒண்ணும் இல்ல."

அம்மாவின் டார்ச்

அண்ணன் முதல் டேக்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் காக்கா தலையாட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் கிறிஸ்து அண்ணனிடமிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அந்த வாரம் அம்மாவுக்குப் பகல் டியூட்டி, கிளம்பும் முன் டார்ச் அடித்து அவர் தொண்டையைப் பார்த்தாள். பேசவே கூடாது என்று சொல்லி, டாக்டரிடமும் காட்டச் சொன்னாள். பிறகு டாக்டரும் அதையேதான் சொன்னார்: ஒரு வாரத்துக்குப் பேச்சு கூடாது, கிசுகிசுப்பும் கூடாது. கடைசிக் காட்சி முழுவதும் பாக்கி. வியாழக்கிழமைக்கு இரண்டு நாள். அண்ணன் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தன் சேஃப்டி ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா போனதும் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன், போர்வை, காக்கா குரல், பன்னிரண்டு. யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அது எந்தக் குரலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. என் குரலாகத்தான் இருக்க வேண்டும். அவர் எழுந்து பால்கனிப் பக்கம் போனார். அடித்திருந்தாலாவது தேவலை என்று இருந்தது. பிறகு வந்து போனை எடுத்து மெதுவாக எழுதி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்: "பன்னிரண்டு தடவ கத்த வச்சியே, அதுல எது நல்லாருந்துன்னு மொதல்ல சொல்லு."

தொப்பி

ஏழாவது என்று சொன்னேன். அது உண்மை, காக்காவும் அதையே எடுத்துக்கொண்டார். புதன்கிழமை ஒரு மணிக்கு, காக்காவிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, கடைசிக் காட்சியை அண்ணன் குரலில் பேச, நான் மீசையை வைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். முதல் அரை மணி நேரம் எதுவும் வரவில்லை. குரல் வந்தது, ஆள் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குரல் என்னிடம் முறைத்துக்கொண்டு நின்றது. அண்ணன் உள்ளே வந்து எனக்கு எதிரே இன்னொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அவர் தோள் லேசாக ஏறும், மூக்கால் மூச்சு உள்ளே போகும், வயிறு நிற்கும். அப்புறம்தான் வார்த்தை. நான் இதுவரை எல்லாரிடமும் தொண்டையைத்தான் திருடியிருக்கிறேன், மூச்சை எடுத்ததில்லை. அவர் மூச்சு விட, நான் பேசினேன்.

கடைசிக் காட்சியில் சார்ஜென்ட் தன் நண்பன் வீட்டுக்குப் போகிறார். கைது என்ற வார்த்தையே கிடையாது. இருவரும் டீ குடிக்கிறார்கள். பிறகு சார்ஜென்ட், 'தொப்பிய எடுத்துக்கோ. வெளிய மழை' என்கிறார். அவ்வளவுதான். நான் அதைச் சொல்லி முடித்ததும் எதிரே அண்ணன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காக்கா அதை ஸ்பீக்கரில் ஓட்டினார். மேல்தட்டில் கிடந்த பஞ்சை எடுக்க வந்த கான் பாய் வாசலிலேயே நின்று கேட்டார். எங்களில் யாரும் எதுவும் சொல்லும் முன் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "மாஷா அல்லாஹ், தொண்டை சரியாயிடுச்சு. ஆனா பாய், ஏன் இவ்வளவு சோகமா பேசுறீங்க?"

தோஹாவிலிருந்து போன்

வியாழக்கிழமை எபிசோட் போனது. நான்கு நாள் பதில் இல்லை. காக்கா போனை எடுத்து எடுத்துப் பார்த்து அதன் கண்ணாடியைத் தேய்த்தேவிட்டார். திங்கட்கிழமை சேனலில் இருந்து ஒரு மேடம் கூப்பிட்டார். சென்னைத் தமிழ், கறார் குரல். பத்து நிமிடத்தில் அது எனக்கு வந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நாளாகக் குறைத்திருந்தேன்.

நாய் நன்றாக இருக்கிறது என்றார். கார் இருமுவது எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். கடல் பறவை கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறது, குறையுங்கள் என்றார். கான்ஸ்டபிளுக்கு இன்னும் வயது குறைய வேண்டும் என்றதும் காக்காவின் முகம் விழுந்தது. தொடர் முழுவதும் உங்களுக்குத்தான் என்றதும் எழுந்தது. நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுக்காகக் காத்திருந்தேன். கடைசியில் சொன்னார்: "அந்த சார்ஜென்ட் குரல் கொடுத்தவர், ஆரம்பத்துல இருந்து கடைசி சீன் வரைக்கும் ஒரே சீரா பண்ணியிருக்கார். அவரை மட்டும் மாத்திடாதீங்க."

பெண் பிள்ளைக்கு அம்மா விசா

காக்கா கெட்டவர் இல்லை, வியாபாரி. ஒரு விசா எடுப்பதென்றால் என்னென்ன அலைச்சல், என்னென்ன செலவு என்பது இந்த ஊரில் இருக்கிற உங்களுக்கே தெரியும். மறுநாள் அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் அடுத்த எபிசோட் தயாராக இருந்தது. 'இந்தப் பக்கத்த சார்ஜென்ட்டா ஒருக்கா பேசிக் காட்டு' என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எதற்கு என்றேன். 'உனக்கு அம்மா விசா ஈக்கிது, நான் எடுக்க வேண்டாம். அதான் யோசிச்சேன். கிறிஸ்துக்கு வேற எங்கயாச்சும் நானே சொல்லி வுடுறேன்' என்றார். அண்ணனின் கேன்சலுக்கு இன்னும் ஆறு நாள்.

என்னால் முடியாது என்று நினைக்காதீர்கள். முடியும். மூச்சே கைக்கு வந்த பிறகு அந்தக் குரலில் நான் பைபிளையே வாசிப்பேன். மைக் முன்னால் நின்றேன். முதல் வரி அச்சு அசல் சார்ஜென்ட். காக்கா தலையாட்டினார். இரண்டாவது வரியில் சார்ஜென்ட்டுக்குக் கொஞ்சம் காயல்பட்டினம் வந்தது. மூன்றாவதில் அவர், பிடிபட்ட திருடனிடம், 'வாப்பா மேல சத்தியமா சொல்லு, கடைசி வெல என்ன? ரெண்டு லாரியா எடுத்தா கொறைப்பியா?' என்று பேரம் பேச ஆரம்பித்தார். மழையில், மீசையோடு, போலீஸ் தொப்பியோடு, முழுக்க முழுக்க செய்யது காக்கா.

காக்கா நிறுத்தினார். திரும்ப ஓட்டிக் கேட்டார். அண்ணன் எதிரே உட்கார்ந்தால்தான் எனக்கு அது வருகிறது, தனியாக நின்றால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் குரல் வந்துவிடுகிறது, என்ன செய்வது காக்கா என்று கேட்டேன். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு சிரிப்பை அடக்குகிற முகத்தோடு சொன்னார்: "பொய் சொல்றே புள்ளே. ஆனா நல்லா சொல்றே. போ, கிறிஸ்துகிட்ட பாஸ்போர்ட் காப்பி வாங்கிட்டு வா."

அண்ணனின் வீட்டம்மா

விசா மாறியது. அண்ணன் இப்போது கராஜ் யூனிஃபார்ம் இல்லாமல் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வருகிறார். பள்ளி திறந்துவிட்டதால் எனக்குச் சனிக்கிழமை மட்டும்தான் டியூட்டி. கான்ஸ்டபிளின் வயதைக் குறைக்க அந்த வேஷத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். முதல் எபிசோட் சேனலின் ஆப்பில் வந்தது. கடைசியில் எழுத்துகள் ஓடின: டீக்கடை அம்மாள், சிறுவன், நாய், கடல் பறவை, கூட்டம், கார் – ஷெரின். அம்மா அதை நிறுத்தி, போட்டோ எடுத்து, வார்டில் எல்லாருக்கும் காட்டினாள். பள்ளி பஸ் ஆயாம்மாவுக்கும் அனுப்பினாள். சார்ஜென்ட்டுக்கு நேரே கிறிஸ்துதாஸ் என்று மட்டும் இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே காக்காவிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் என்னைத் தனியாக மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் அவர் மனைவியும் பிள்ளைகளும், பக்கத்து வீட்டார் எல்லாரையும் கூட்டி உட்கார வைத்துப் பார்த்தார்களாம். தொப்பி வசனத்தில் அவர் மனைவி அழுதேவிட்டாராம். அண்ணன் இரண்டு படி மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "எனக்க பெண்டாட்டி சொல்லுகா, படம் முழுக்க நான் சும்மா பேசிட்டுதான் இருந்தேனாம், கடைசி சீன்லதான் நடிச்சேனாம். பிள்ளே, இத நீ ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது கேட்டியா."

ஒருத்தரிடமும் சொல்லவில்லை, அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான், உங்களுக்கு எழுதித்தான் காட்டியிருக்கிறேன்.